மெக்சிக்கோ நாட்டின் மடித்த ரொட்டி

உணவைக் கலத்தில் இட்டு உண்ணும் வழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. கலமே உணவாகவும், உணவே கலமாகவும் அமைவது சில நாடுகளிலேயே காணப்படும் சிறப்பாகும். அத்தகைய நாடுகளுள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கது மெக்சிக்கோ. அந்நாட்டுக் குடியானவன் நண்பகலில் வயல் வரப்பில் அமர்ந்து தன் துணி மூட்டையை அவிழ்க்கும்பொழுது, அதனுள் தட்டும் இல்லை, கரண்டியும் இல்லை. வட்டமான மெல்லிய ரொட்டிகள் சில இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைக் கையில் விரித்து, அவித்த அவரையையும் அரைத்த மிளகாயையும் நடுவில் வைத்து, இரண்டாக மடித்து உண்கிறான். இந்த எளிய செயலுக்குப் பின்னால் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அறிவும், எண்ணற்ற பெண்களின் உழைப்பும் இருக்கின்றன. அவ்வறிவை அறியாது விட்ட நாடுகள் அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது.

ஆங்கில வழியாக இவ்வுணவை அறிந்தோர் இதனை டோர்ட்டில்லா என்பர். மெக்சிக்கோ மக்கள் நாவில் இது தோர்த்தியா என ஒலிக்கும். சிறு அப்பம் என்னும் பொருளில் ஸ்பானியர் இட்ட பெயர் அது. ஸ்பானியர் வருமுன் அந்நிலத்தை ஆண்ட அஸ்தெக்கர்கள் தங்கள் நாவாத்தல் மொழியில் இதனைத் ‘தலாஷ்கல்லி’ என அழைத்தனர். உள்ளீடு வைத்து மடித்த தோர்த்தியாவுக்குத் ‘தாக்கோ’ என்று பெயர். வடபகுதியில் கோதுமை மாவினால் செய்து, உள்ளீட்டை முழுவதும் மூடிச் சுருட்டுவது ‘புரித்தோ’ ஆகும். புரித்தோ என்னும் சொல்லுக்குச் சிறு கழுதை என்பது நேர்ப்பொருள். அப்பெயர் வந்த காரணம் பற்றிக் கதைகள் பல உலவினும் முடிந்த முடிபு எதுவும் இல்லை. தாக்கோ என்னும் சொல்லைப் பற்றி வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பில்ச்சர் சுவையான கருத்தொன்றைக் கூறுகின்றார். மெக்சிக்கோவின் வெள்ளிச் சுரங்கங்களில் பாறையைப் பிளப்பதற்காக வெடிமருந்தைக் காகிதத்தில் சுருட்டித் துளையில் செருகுவர். அச்சுருளுக்குத் தாக்கோ என்று பெயர். சுரங்கத் தொழிலாளர் உண்ட சுருட்டிய ரொட்டிக்கும் அப்பெயரே பின்னர் வந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. காரமான மிளகாய்ச் சாறு வடியும் ஒரு தாக்கோவை உண்டவர் அப்பெயர் பொருந்தாது என்று சொல்லத் துணியார்.

தோர்த்தியாவின் உயிர் சோளம். ஈழத்தில் சோளம் என்றும் தமிழகத்தில் மக்காச்சோளம் என்றும் வழங்கும் இத்தானியத்தின் பிறப்பிடம் மெக்சிக்கோவே. அங்குள்ள பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன்னர், தியோசிந்தே எனப்படும் காட்டுப் புல்லிலிருந்து மனிதர் இதனை உருவாக்கத் தொடங்கினர். அப்புல்லின் கதிர் ஒரு விரல் நீளமே உடையது. அதில் கல்லைப் போன்ற ஓடு மூடிய மணிகள் ஐந்து முதல் பன்னிரண்டு வரையே உண்டு. தலைமுறை தலைமுறையாக நல்ல கதிரைத் தெரிந்தெடுத்து விதைத்த உழவர்களே அதனை இன்றைய பருத்த பொத்தியாக மாற்றியவர்கள். ஓவாக்காப் பகுதியில் கீலா நாக்கித்ஸ் என்னும் குகையில் கண்டெடுக்கப்பட்ட சோளக் கதிர்கள் 6000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமை உடையவை. குவாத்தமாலாவில் வாழும் கிச்சே மாயர்களின் பொபோல் வூ என்னும் தொல்நூல், தெய்வங்கள் மண்ணாலும் மரத்தாலும் மனிதரைப் படைக்க முயன்று தோற்று, இறுதியில் சோள மாவினாலேயே படைத்தனர் என்று கூறுகின்றது. சோளத்தை அம்மக்கள் எவ்வளவு உயர்வாகப் போற்றினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

உலர்ந்த சோளத்தை அப்படியே மாவாக இடித்து நீர் விட்டுப் பிசைந்தால் என்ன நிகழும்? கோதுமை மாவைப் போல அது இழுபட்டு ஒட்டாது. தட்டும்போதே விளிம்பு வெடிக்கும், மடித்தால் முறியும். கோதுமையில் உள்ள பசைப்புரதம் சோளத்தில் இன்மையே அதற்குக் காரணம். இக்குறையை நீக்குவதற்கு மெக்சிக்கோப் பெண்கள் கண்ட வழி சுண்ணாம்பு. சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்துக்கு நிஷ்தமால் என்று பெயர். சாம்பல் என்னும் பொருள்தரும் நாவாத்தல் சொல்லொன்று அப்பெயரில் மறைந்திருக்கிறது. சுண்ணாம்புக்குப் பதிலாக மரச் சாம்பலைப் பயன்படுத்திய வழக்கமும் உண்டென்பதை அது நினைவூட்டும். குவாத்தமாலாவின் தென்கரையில் கி.மு. 1500க்கும் 1200க்கும் இடைப்பட்ட காலத்திலேயே இம்முறைக்குரிய கலங்கள் இருந்தன என ஆராய்ச்சியாளர் குறிப்பிடுவர்.

அம்முறை பெரிதும் கடினமானதன்று; எனினும் பொறுமை வேண்டும். 1 கிலோ உலர்ந்த சோளத்துக்கு ஏறத்தாழ 3 லீற்றர் நீரும் 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் போதும். சுண்ணாம்பு உணவுக்குரிய தூய சுண்ணாம்பாக இருத்தல் வேண்டும். சுவருக்குப் பூசுவது ஆகாது. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்குமாதலால் மண்சட்டியோ துருப்பிடியா உருக்குப் பாத்திரமோ தக்கது. சுண்ணாம்பை நீரில் கரைத்துச் சோளத்தை இட்டு, மெல்லிய தீயில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை வேகவிடுவர். நீர் மஞ்சளாக மாறும். ஒரு மணியை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழலவேண்டும். உள்ளே கடித்துப் பார்த்தால் நடுவில் சிறிது உறுதி எஞ்சியிருக்கவேண்டும். அதுவே பதம். பின்னர் அடுப்பிலிருந்து இறக்கி, மூடி, இரவு முழுவதும் ஊறவிடுவர். விடியற்காலையில் அந்நீரை வடித்து, இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவித் தோலை அகற்றுவர். அளவுக்கு மிஞ்சிக் கழுவிவிட்டால் மாவு ஒட்டும் தன்மையை இழக்கும். கழுவாது விட்டால் சுண்ணாம்பின் கசப்பு நிற்கும்.

அடுத்து அரைத்தல். மெக்சிக்கோவின் அம்மிக்கு மெத்தாத்தே என்று பெயர். எரிமலைக் கல்லில் செதுக்கப்பட்டு, மூன்று குறுங்கால்களின் மேல் சற்றுச் சரிவாக நிற்கும் பலகை அது. பெண் அதன் முன் மண்டியிட்டு, உருண்டு நீண்ட குழவியை இரு கைகளாலும் பற்றி, தன் உடலின் பாரம் முழுவதையும் முன்னே செலுத்தி அரைக்கிறாள். ஒருமுறை அரைத்தால் கரகரப்பாகவே இருக்கும். மெல்லிய ரொட்டிக்கு மீண்டும் மீண்டும் அரைக்கவேண்டும். இவ்வாறு பெறும் ஈரமாவு மாசா எனப்படும். சிறிது நீர் தெளித்துப் பிசைந்து, ஓர் உருண்டையை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தால், விளிம்பு வெடிக்குமாயின் நீர் போதாது. கையில் ஒட்டுமாயின் நீர் மிகுதி. இரண்டும் இல்லாத நிலையே சரியானது.

எலுமிச்சை அளவு உருண்டையை இரு உள்ளங்கைகளுக்கும் இடையே மாற்றி மாற்றித் தட்டி, ஒரு சாண் அகலத்துக்குச் சற்றுக் குறைந்த வட்டமாக விரிப்பர். அதிகாலையில் மெக்சிக்கோக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு கேட்ட ஓசை இந்தத் தட்டோசையே. பழக்கம் இல்லாதோர் இரு பலகைகளாலான அழுத்தியினுள் உருண்டையை வைத்து அமர்த்தி வட்டமாக்கலாம். வட்டத்தை எண்ணெய் தடவாத மண்ணோட்டிலோ இரும்புக் கல்லிலோ இடுவர். அவ்வோடு கோமால் எனப்படும். முதற் பக்கம் அரை நிமிடத்துக்கும் குறைவாக வேகவேண்டும். விளிம்பு உலரத் தொடங்கியவுடன் திருப்புவர். இரண்டாம் பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் வேகும். மீண்டும் திருப்பியதும் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, ரொட்டி ஒரு தவளையைப் போல ஊதி எழும். ஊதிய ரொட்டியே நன்கு வெந்த ரொட்டி. ஊதாவிடின் மாவின் பதமோ கல்லின் சூடோ பிழைத்தது என்று கொள்ளவேண்டும்.

வெந்த ரொட்டியை உடனே உண்ணாவிடின் துணியில் சுற்றிக் கூடையில் அடுக்கவேண்டும். இது வெறும் தூய்மைக்காக அன்று. ஒன்றன் ஆவி மற்றொன்றில் இறங்கி, எல்லாம் மென்மையாகி, முறியாது மடியும் தன்மையைப் பெறுகின்றன. திறந்து வைத்த ரொட்டி சில நிமிடங்களில் ஓடு போல விறைத்துவிடும். 16ஆம் நூற்றாண்டில் அஸ்தெக்கரின் வாழ்வை அவர்தம் வாய்மொழியாகவே கேட்டு விரிவாக எழுதிவைத்த பெர்னார்தீனோ தே சாஹகுன் என்னும் துறவி, அரசர்க்குப் படைத்த உணவுகளைப் பட்டியலிடும்பொழுது, சூடான வெண்ணிற ரொட்டிகள் மடிக்கப்பட்டுக் கூடையில் அடுக்கப்பட்டு வெள்ளைத் துணியால் மூடப்பட்டிருந்தமையைக் குறிப்பிடுகின்றார். அரசன் உண்டதும் குடியானவன் உண்டதும் ஒரே முறையில் சமைத்த ரொட்டியே. உள்ளீட்டில் மட்டுமே வேறுபாடு இருந்தது.

உள்ளீடு வைக்கும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தெருக்கடைகளில் சிறிய தோர்த்தியாக்களை இரண்டிரண்டாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தருவர். சாறு இறங்கி அடி கிழியாமைக்காக அது. வெந்த இறைச்சியோ அவரையோ உருளைக்கிழங்கோ காளானோ எதுவாயினும் நீர் வடித்துச் சிறு துண்டுகளாக்கி, நடுவில் ஒரு கோடு போல வைப்பர். அளவு மிகாமை முக்கியம். நிரம்ப வைப்பது விருந்தோம்பல் போலத் தோன்றினும், உண்பவன் கையில் அது சிதைந்துவிடும். மேலே பொடியாக அரிந்த வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் தூவுவர். தக்காளி, மிளகாய் ஆகியவற்றைச் சுட்டுக் கல்லுரலில் நசுக்கிய துவையல் பக்கத்தில் இருக்கும். தேசிக்காய்த் துண்டைப் பிழிந்து, இரண்டாக மடித்து, தலையைச் சற்றே சாய்த்து, தாக்கோவை நேராக வைத்தபடியே கடிக்கவேண்டும். இங்கே நறுமணம் சேர்க்கும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்களே. போர்த்துக்கேயர் காலத்துக்கு முன்னர் ஈழத்துக் கறிச்சட்டியில் மிளகாய் இருந்ததில்லை. உறைப்புக்கு மிளகே இருந்தது என்பதையும் இங்கே எண்ணிப்பார்க்கலாம்.

ஸ்பானியத் தளபதி ஏர்னான் கோர்த்தேஸ் 1519இல் மெக்சிக்கோக் கரையில் இறங்கினான். 1521இல் அஸ்தெக்கர் தலைநகர் வீழ்ந்தது. வந்தவர்கள் கோதுமையைக் கொண்டுவந்தனர். வறண்ட வடபகுதியில், சிறப்பாகச் சொனோரா மாநிலத்தில், கோதுமை நன்கு விளைந்தது. அங்கே கோதுமை மாவும் உப்பும் பன்றிக் கொழுப்பும் வெந்நீரும் சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரம் அடங்கவிட்டு, கையால் இழுத்து விரித்துச் சுடும் பெரிய தோர்த்தியா தோன்றியது. கோதுமை இழுபடும், ஆகவே அதனை மடிப்பதோடு நில்லாது சுற்றவும் முடியும். உள்ளீட்டை ரொட்டியின் கீழ்ப்பகுதியில் வைத்து, இரு பக்கங்களையும் உள்ளே மடித்து, பாய் சுருட்டுவது போல உருட்டினால் புரித்தோ ஆகிவிடும். வழிப்பயணத்துக்கு ஏற்றது இதுவே. 1895இல் வெளிவந்த மெக்சிக்கோ வழக்குச் சொல்லகராதி ஒன்றில் புரித்தோ என்னும் சொல் இடம்பெற்றிருக்கிறது. எல்லை கடந்து ரெக்சாஸ், கலிபோர்ணியா மாநிலங்களில் பரவி, பின்னர் உலகெங்கும் சென்ற சுருட்டு ரொட்டிகள் பெரும்பாலும் இக்கோதுமை வழி வந்தவையே.

கோதுமை மெக்சிக்கோவுக்குச் சென்றது போலவே, சோளமும் கடல் கடந்து சென்றது. கொலம்பஸின் 1492ஆம் ஆண்டுப் பயணத்தின் பின்னர் அது ஸ்பெயினுக்கும், இத்தாலிக்கும், பால்கன் நாடுகளுக்கும், ஆபிரிக்காவுக்கும் பரவியது. ஏழைகளின் நிலத்தில் நன்கு விளைந்தது, பசியைப் போக்கியது. ஆனால் கப்பலில் ஏறியது விதை மட்டுமே. அவ்விதையை உணவாக்கும் அறிவு கரையிலேயே நின்றுவிட்டது. ஐரோப்பாவில் நீராலும் காற்றாலும் சுழலும் மாவாலைகள் இருந்தன. உலர்ந்த தானியத்தை அவை எளிதில் அரைத்தன. சுண்ணாம்பும் ஊறலும் வீண்வேலை என்றே கருதப்பட்டிருக்கவேண்டும்.

அதன் விளைவு இரு நூற்றாண்டுகளில் வெளிப்பட்டது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் மருத்துவர் காஸ்பார் கசால் 1735இல் புதிய நோயொன்றைக் கண்டார். சோளத்தையே நாளும் உண்ட ஏழை உழவரின் கழுத்திலும் கைகளிலும் வெயில் பட்ட இடமெல்லாம் தோல் சிவந்து தடித்து உரிந்தது. வயிற்றுப்போக்குத் தொடர்ந்தது, சித்தம் கலங்கியது, இறுதியில் உயிர் பிரிந்தது. இத்தாலியிலும் அது பரவியது. கடுந்தோல் என்னும் பொருள்பட ‘பெல்லாக்ரா’ என அதற்கு 1771இல் பெயரிட்டவர் இத்தாலிய மருத்துவர் பிராப்பொல்லி. பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில் அது பெருங்கொடுமையாக எழுந்தது. காரநீரில் சோளத்தை வேகவைக்கும் பழைய முறை அங்கே அறியப்பட்டிருந்தும், ஆலைகளில் முளை நீக்கி அரைத்த மலிவான மாவே பருத்தித் தோட்டத் தொழிலாளரின் உணவாயிற்று. 1906 முதல் 1940 வரை அங்கே ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 1 இலட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடுவர்.

இது தொற்றுநோய் என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 1914இல் இதனை ஆராய அனுப்பப்பட்ட மருத்துவர் ஜோசப் கோல்ட்பேகர், மனநோய் விடுதிகளிலும் அநாதை இல்லங்களிலும் அங்கே தங்கியிருந்தோர்க்கு நோய் வர, அவர்களுடன் பழகிய பணியாளர்க்கு வராமையைக் கவனித்தார். வேறுபாடு உணவில் இருந்தது. பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுத்தபொழுது நோய் அகன்றது. தொற்று அன்று என்பதை மெய்ப்பிக்க, நோயாளரின் உடற்கழிவுகளைத் தம் உடலிலேயே ஏற்றும் சோதனையையும் அவர் மேற்கொண்டார். காரணமான பொருளை அறியாமலே 1929இல் அவர் காலமானார். 1937இல் கொன்ராட் எல்விஜெம் அதனைக் கண்டறிந்தார். நயாசின் எனப்படும் விற்றமினே அது. சோளத்தில் நயாசின் இல்லாமல் இல்லை. ஆனால் உடல் எடுத்துக்கொள்ள இயலாதவாறு அது பிணைபட்டுக் கிடக்கின்றது. அப்பிணைப்பை அவிழ்ப்பது எது? மெக்சிக்கோப் பெண்கள் நாளும் கையாண்ட சுண்ணாம்பே. சோளத்தையே முதல் உணவாகக் கொண்ட மெக்சிக்கோவில் பெல்லாக்ரா பெருங்கொடுமையாக எழாமைக்கு அதுவே காரணம். சுண்ணாம்பின் வழியாகக் கல்சியமும் உடலிற் சேர்ந்தது. ரொட்டியோடு உண்ட அவரை, சோளத்தில் குறைவாக உள்ள இலைசின் என்னும் புரதக் கூறினை ஈடுசெய்தது. அறியாமை உடையோர் எனப் பிறர் எண்ணிய அடுக்களையில் இவ்வளவு இருந்தது.

ஆனால் இவ்வறிவின் பாரத்தைச் சுமந்தவர் யார் என்பதையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. ஈரமாவு ஒரு நாளுக்கு மேல் நில்லாது, புளித்துவிடும். ஆகவே நாள் தவறாது அரைக்கவேண்டும். ஒரு குடும்பத்துக்குத் தேவையான மாவை மெத்தாத்தேயில் அரைப்பதற்கு நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடித்தது. கோழி கூவுமுன் எழுந்து மண்டியிட்ட பெண், கணவன் வயலுக்குச் செல்லும்வரை எழுந்திருக்க இயலாது. சிறுமிகளும் குழவி பற்றும் வலிமை வந்தவுடன் அதே இடத்தில் மண்டியிட்டனர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறியால் இயங்கும் நிஷ்தமால் ஆலைகள் கிராமங்களை எட்டின. தெப்போஸ்த்லான் என்னும் ஊரில் நீண்ட ஆய்வு நடத்தி 1951இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் ஒஸ்கார் லூயிஸ், ஆலைக்கு ஆடவர் காட்டிய எதிர்ப்பை விவரிக்கின்றார். ஆலை மாவில் சுவை இல்லை என்றனர். பெண்களுக்கு ஓய்வு கிடைத்தால் ஒழுக்கம் கெடும் என்றனர். முதலில் வந்த ஆலை அவ்வெதிர்ப்பால் நிலைக்கவில்லை. பெண்களோ பின்வாங்கவில்லை. சில ஆண்டுகளில் ஆலைகள் நிலைபெற்றன. அடுப்பங்கரையில் மீந்த அந்த மணி நேரங்களில் பெண்கள் சிறு வணிகம் செய்தனர். சிறுமியர் பள்ளி சென்றனர்.

1947இல் பௌஸ்த்தோ செலோரியோ அமைத்த பொறி, தோர்த்தியாக்களைத் தட்டிச் சுட்டு வரிசையாகத் தள்ளத் தொடங்கியது. 1949இல் நுவேவோ லெயோன் மாநிலத்தின் செரால்வோ என்னும் ஊரில், சுண்ணாம்பிட்டு அரைத்த மாவை உலர்த்திப் பொதிசெய்து விற்கும் தொழில் பிறந்தது. இன்று பெரும்பாலோர் தெருமுனைக் கடையில் நிறுத்து வாங்கும் ரொட்டியையே உண்கின்றனர். அம்மியில் அரைத்ததன் மணம் அதில் இல்லை என்று முதியோர் குறைகூறுவது உண்மையே. எனினும் அந்த மணத்துக்காக எந்தப் பெண்ணின் முதுகு வளைந்தது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். இவ்விரு உண்மைகளில் ஒன்றுக்காக மற்றதை மறுப்பது இயலாது.

உள்ளீடுகளும் காலத்துக்கேற்ப வளர்ந்தன. லெபனான் முதலிய நாடுகளிலிருந்து வந்து பூவெப்லா நகரில் குடியேறியோர், செங்குத்தான கம்பியில் இறைச்சியை அடுக்கிச் சுழற்றிச் சுடும் தங்கள் நாட்டு முறையை உடன் கொண்டுவந்தனர். மெக்சிக்கோவார் அதில் செம்மிளகாய்க் கலவையில் ஊறிய பன்றி இறைச்சியை ஏற்றினர். மேலே அன்னாசியைச் செருகினர். இடையர் முறை என்னும் பொருளில் ‘அல் பஸ்தோர்’ எனப்படும் தாக்கோ அவ்வாறு பிறந்தது. இன்னொரு வகை கூடைத் தாக்கோ. அவரையும் உருளைக்கிழங்கும் உள்ளிட்டு மடித்த தாக்கோக்கள் துணி விரித்த கூடையில் அடுக்கப்பட்டு, சூடான கொழுப்புத் தெளித்து மூடப்படுகின்றன. தம் வெப்பத்திலேயே வியர்த்து மென்மையாகின்றன. திலாஷ்கலா மாநிலத்துச் சான் விசென்தே ஷிலோசோச்சித்லா என்னும் சிற்றூர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கிருந்து வந்தோர் மிதிவண்டியின் பின்னால் கூடையைக் கட்டித் தலைநகர்த் தெருக்களில் விற்கின்றனர். அலுவலகத்து எழுதுவினைஞரும் கூலியாளும் அருகருகே நின்று உண்பதை அங்கே காணலாம்.

இவ்வாறு நாட்டின் உயிரோடு ஒன்றிய உணவின் விலை ஏறினால் என்ன நிகழும் என்பதை 2007ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டுத் தொடக்கத்தில், கிலோ ஒன்று 6 பெசோ அளவில் விற்ற தோர்த்தியா சில வாரங்களில் 10 பெசோவையும் தாண்டியது. அரசு வணிகரோடு பேசி 8 பெசோ 50 சதம் என விலையை உடன்படச் செய்தது. அவ்வாண்டு சனவரி 31ஆம் நாள் பல்லாயிரவர் தலைநகர் வீதிகளில் ஊர்வலமாகச் சென்றனர். இறைச்சி விலை ஏறினால் இறைச்சியைக் குறைக்கலாம்; தோர்த்தியாவைக் குறைத்தால் ஏழை வீட்டில் எஞ்சுவது ஒன்றும் இல்லை. 2010இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் மெக்சிக்கோவின் மரபுச் சமையலை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. சோளமும் அவரையும் மிளகாயும் சுண்ணாம்பு முறையும் அம்மரபின் அடிப்படைகளாக அங்கே குறிக்கப்பட்டன. 2025 மார்ச்சு மாதத்தில் மெக்சிக்கோ தன் அரசியலமைப்பைத் திருத்தி, சோளத்தை நாட்டின் அடையாளக் கூறாக அறிவித்து, மரபணு மாற்றிய சோளத்தைப் பயிரிடுவதைத் தடைசெய்தது. ஒரு தானியத்துக்கு அரசியலமைப்பில் இடம் அளித்தல் அரிய செயலே.

வானவெளிக்கும் இவ்வுணவு சென்றிருக்கிறது. 1985 நவம்பரில் அமெரிக்க விண்ணோடத்தில் பறந்த மெக்சிக்கோ விண்வெளி வீரர் ரொடோல்போ நேரி வேலா, தம் உணவில் தோர்த்தியாவையும் சேர்க்கவேண்டும் எனக் கேட்டார். எடையின்மை நிலவும் இடத்தில் பாண் துணுக்குகள் மிதந்து பொறிகளுக்குள்ளும் கண்களுக்குள்ளும் புகுந்துவிடும். தோர்த்தியா உதிர்வதில்லை, தட்டும் வேண்டுவதில்லை. அன்று தொட்டு விண்வெளிப் பயணிகள் அதனையே விரும்பி எடுத்துச் செல்கின்றனர். வயல் வரப்பில் குடியானவனுக்கு எப்பண்பு உதவிற்றோ அதே பண்பு அங்கேயும் உதவுகின்றது.

சோளத்தைச் சுண்ணாம்பில் முதன்முதல் இட்ட பெண் யார் என்பதை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவள் விற்றமின் என்னும் சொல்லை அறியாள். மாவு நன்கு ஒட்டியது, ரொட்டி முறியாது மடிந்தது, அதை உண்ட பிள்ளைகள் நலமாக இருந்தனர் என்பதையே அவள் கண்டிருப்பாள். கண்டதைத் தன் மகளுக்குச் சொன்னாள். மகள் தன் மகளுக்குச் சொன்னாள். அச்சொல்லைக் கேளாது விதையை மட்டும் எடுத்துச் சென்ற நாடுகள் அதனை ஆய்வுகூடத்தில் மீண்டும் கற்பதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலமும் எண்ணற்ற உயிர்களும் செலவாயின. ஒரு நாட்டின் பயிரை மற்றொரு நாடு ஏற்கும்பொழுது, அப்பயிரை அடுப்பில் வைக்கும் கையையும் சற்றே பார்த்துக் கற்றுக்கொள்வது நன்று. துணி மூடிய கூடையிலிருந்து சூடான ஒரு தோர்த்தியாவை எடுத்து, அவரையும் மிளகாயும் வைத்து மடித்து உண்போர், இதனை நினைந்து உண்டால் அச்சிறு வட்டத்தின் பெருமை விளங்கும்.